முதல் பிள்ளைக்கு முன்பே காப்பர் டி: ஒரு கணக்கு

தெலங்கானாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 61.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு தரும் எண் இது. அதே ஆய்வின்படி, நாடு முழுவதும் காப்பர் டி போன்ற கருப்பைச் சாதனம் வைத்திருப்பவர்கள் வெறும் 2.1 சதவீதம்.

ஹைதராபாத்தில் புதிதாக மணமாகி, மூன்று ஆண்டுகள் கழித்துப் பிள்ளை பெறலாம் என்றிருக்கும் பெண்ணுக்கு ஆபரேஷனால் பயனில்லை. அவளுக்கான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கருத்தடை மாத்திரை என்றால் மூன்று ஆண்டுக்கு 39 அட்டை, 1,092 மாத்திரை. மூன்று மாத ஊசி என்றால் 12. ஊசியை நிறுத்திய பிறகும் கரு தரிக்கப் பல மாதங்கள் பிடிக்கலாம். காப்பர் டி 380ஏ ஒன்றே போதும். பத்தாண்டு வரை வேலை செய்யும், எடுத்த உடனே கருத்தரிக்கும் திறன் திரும்பும். அரசு மருத்துவமனையில் விலை 0 ரூபாய்.

முதல் ஓராண்டில் 1,000 பெண்களில் எத்தனை பேர் தவறிக் கருவுறுகிறார்கள்? காப்பர் டியில் 8, மாத்திரையில் 70, ஆணுறையில் 130.

இருந்தும் "முதல்ல ஒரு குழந்தை பிறக்கட்டும்மா" என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிள்ளை பெறாதவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்தடைத் தகுதிப் பட்டியல் தந்திருப்பது 2ஆம் வகை: ஆபத்தைவிட நன்மையே அதிகம், வைக்கலாம். தடை என்பது 4ஆம் வகைதான்.

காப்பர் டியால் தொற்று வரும், பிறகு பிள்ளை பிறக்காது என்ற அச்சம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 1970களில் அமெரிக்காவில் விற்ற டால்கன் ஷீல்டு என்ற கருப்பைச் சாதனம், பல இழை முறுக்கிய நூலால் கிருமியை மேலேற்றிப் பல பெண்களைப் பாதித்தது. அந்தப் பழி எல்லாச் சாதனங்கள் மீதும் விழுந்தது. மெக்சிகோ நகரில் 1,895 பெண்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வு, கருக்குழாய் அடைப்புக்கும் காப்பர் டிக்கும் தொடர்பில்லை என்றது. தொடர்பு கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றோடு இருந்தது. 22,908 சாதனங்களைப் பின்தொடர்ந்த 1992ஆம் ஆண்டு ஆய்வில், இடுப்புத் தொற்று, 1,000 பெண்கள் ஓராண்டு வைத்திருந்தால் 1.6 பேருக்குத்தான். வைத்த முதல் 20 நாளில் மட்டும் அது ஆறு மடங்கு. ஆகவே கவனம் வேண்டியது வைக்கும் கையின் சுத்தத்திலும், வைக்கும் முன் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பதிலும்.

பாதகங்களையும் எழுதத்தான் வேண்டும். பிள்ளை பெறாதவர்களுக்கு வைக்கும்போது வலி கூடுதல். முதலாண்டில் 100க்கு 2 முதல் 10 பேருக்குத் தானாக வெளியே வந்துவிடும். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்குக் கருப்பைச் சுவரில் துளை விழலாம். மாதவிடாய்ப் போக்கு கூடும். இரத்தசோகை உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கருத வேண்டும். பால்வினை நோயிலிருந்து பாதுகாப்பு இல்லை, அதற்கு ஆணுறைதான்.

இனி அரசின் செலவுக் கணக்கு. பிரசவத்தையொட்டி உடனே காப்பர் டி வைத்துக்கொள்ளும் தாய்க்கு 300 ரூபாயும், வைப்பவருக்கு 150 ரூபாயும், அழைத்து வரும் ஆஷா ஊழியருக்கு 150 ரூபாயும் தர 2014இல் ஏற்பாடானது. பிள்ளையே பெறாத பெண் இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. திட்டம் பிரசவ அறையிலிருந்து தொடங்குவதால், அதற்கு முந்தைய ஆண்டுகள் இதில் விடுபட்டுப் போகின்றன. இது சரியல்ல.

மணமான புதிதில் தள்ளிப்போட நினைப்பவர்கள் மருத்துவரிடம் காப்பர் டியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். குழந்தை இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுத்தால், வேறொரு மருத்துவரைப் பாருங்கள்.