காருக்கு 'ரிமோட் ஸ்டார்ட்' மாட்டப் போறீங்களா? வண்டியை கியரில் நிறுத்தும் மலைப்பகுதி டிரைவர்கள் உஷார்!

ஊட்டி:

வீட்டுக்குள் இருந்தபடியே ரிமோட்டை அமுக்கினால் போதும். வாசலில் நிற்கும் கார் தானாக 'ஸ்டார்ட்' ஆகிவிடும். டிரைவர் டீ குடித்துவிட்டு வெளியே வருவதற்குள் என்ஜின் சூடாகி, ஹீட்டரும் வேலை செய்யத் தொடங்கிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே கார் கியரில் நின்றிருந்தால் என்ன ஆகும்? உள்ளே ஆளே இல்லாமல் குபீரென்று பாயும். முன்னால் இருப்பது சுவரா, பைக்கா, விளையாடும் குழந்தையா என்று அதற்குத் தெரியாது.

நீலகிரியில் குளிர்காலம் வந்தால் தலைக்குந்தா, அவலாஞ்சி பகுதிகளில் உறைபனி கொட்டும். விடிகாலையில் சவாரிக்குக் கிளம்பும் டிரைவர்களுக்கு இந்த ரிமோட் மீது ஆசை வருவது சகஜம். சமவெளியில் இருப்பவர்களுக்கோ வேறு கணக்கு. வெயிலில் நின்ற காரில் ஏறும் முன்பே ஏ.சி. ஓடி, சீட் குளிர்ந்திருக்க வேண்டும். யாருக்காக இருந்தாலும், மாட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

வெளிநாட்டுக் கார் வேறு, நம்ம ஊர் கார் வேறு

ரிமோட் ஸ்டார்ட் பனி கொட்டும் அமெரிக்கா, கனடாவில் பிரபலமான சமாச்சாரம். அங்கே 2004 மாடல் செவ்ரோலே மாலிபு காரிலேயே கம்பெனி இந்த வசதியைக் கொடுத்தது. அங்கு ஓடுவதில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் கியர் கார்கள். நிறுத்தும்போது லீவரை 'பி' என்ற பார்க்கிங் நிலையில் போட்டுவிடுவார்கள். அந்த நிலையில் என்ஜின் ஓடினாலும் சக்கரம் சுற்றாது.

நம்ம ஊரிலும் 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ் போன்ற கார்களின் சில ரகங்களில் செல்போன் மூலம் ஸ்டார்ட் செய்யும் வசதி வந்தது. கம்பெனியே கொடுப்பதால் கியர், கதவு, பிரேக் எல்லாவற்றையும் காரின் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்.

பிரச்சினை எங்கே வருகிறது? பழைய மேனுவல் கியர் காருக்கு வெளிக்கடையில் ரிமோட் மாட்டும்போதுதான்.

மலையில் ஏன் ஆபத்து அதிகம்?

மேட்டில் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்பது மலை டிரைவர்களின் பழக்கம். அதுதான் சரியான முறையும்கூட.

ரிமோட் ஸ்டார்ட்டுக்கோ வண்டி கட்டாயம் நியூட்ரலில் நிற்க வேண்டும்.

அதாவது, ஒரே வண்டியை சரிவில் கியரிலும் நிறுத்த வேண்டும், ரிமோட்டுக்காக நியூட்ரலிலும் நிறுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது. கியரில் விட்டால் ஸ்டார்ட் ஆகும்போது பாயும். நியூட்ரலில் விட்டால் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருக்கும் ஒரு நாளில் உருண்டுவிடும். சரிவில் நிற்கும் மேனுவல் காருக்கு ரிமோட் ஸ்டார்ட் ஒத்துவராது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல செட்டை எப்படி அடையாளம் காண்பது?

தரையில் சமமாக நிறுத்தும் மேனுவல் காருக்கு மாட்டுவதென்றாலும், 'மேனுவல் கியருக்கு ஏற்றது' என்று போட்டிருக்கும் செட்டாகத்தான் வாங்க வேண்டும். அது வேலை செய்யும் விதமே வேறு.

டிரைவர் வண்டியை நிறுத்தி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுப்பார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை எடுத்துவிட்டு இறங்கி, கதவை மூடி ரிமோட்டில் லாக் செய்வார். அதன்பிறகே என்ஜின் நிற்கும். கியரில் கிடந்தால் கிளட்சை விட்டதுமே வண்டி இழுத்து நின்றுபோயிருக்கும். எனவே, 'கடைசியாக இறங்கும்போது வண்டி நியூட்ரலில் இருந்தது' என்பதை செட் நினைவில் வைத்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு எந்தக் கதவைத் திறந்தாலும் அந்த நினைவு அழிந்துவிடும். யாரோ உள்ளே போய் கியரைத் தொட்டிருக்கலாம் என்று கணக்கு. அதன்பின் ரிமோட்டை எத்தனை தடவை அமுக்கினாலும் ஸ்டார்ட் ஆகாது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. கண்ணாடி இறங்கியிருந்தால் கதவைத் திறக்காமலே கையை விட்டு கியரை மாற்றிவிடலாம். அதனால் எல்லா கண்ணாடியும் ஏற்றியிருக்க வேண்டும். தார்ப்பாய் மூடிய, கதவில்லாத ஜீப்புகளுக்கு இந்த செட்டை மாட்டவே கூடாது.

இவை தவிர செட்டில் இருக்க வேண்டியவை:

* பானெட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாத 'பானெட் சுவிட்ச்'. மெக்கானிக் பேன் பெல்ட்டில் கை வைத்திருக்கும்போது வீட்டுக்குள் யாராவது ரிமோட்டை அமுக்கினால் விரல் போய்விடும்.

* சாவி போடாமல் பிரேக்கை மிதித்தால் உடனே என்ஜின் அணைய வேண்டும்.

* 10 அல்லது 15 நிமிடத்தில் தானாக நிற்கும் டைமர்.

* என்ஜின் பிடித்துவிட்டதா என்று பார்க்கும் வசதி. இது இல்லாவிட்டால் ஓடுகிற என்ஜினில் ஸ்டார்ட்டர் மறுபடி சுற்றி பல் தேய்ந்துவிடும்.

* டீசல் வண்டி என்றால், டேஷ்போர்டில் சுருள் போன்ற ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருந்து, அதன்பிறகு ஸ்டார்ட் செய்யும் வசதி.

* சர்வீசுக்கு விடும்போது ரிமோட்டை முழுவதும் 'ஆப்' செய்து வைக்க ஒரு சுவிட்ச்.

'ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம்ணே'

மலிவு செட்டை விட மோசமானது அவசர வேலை. "ஒரு மணி நேரத்துல மாட்டித் தர்றேண்ணே" என்று சொல்லும் கடையில் கூட நின்று பார்ப்பது நல்லது.

அவசரத்தில் நடக்கும் முதல் தப்பு, ஹேண்ட் பிரேக்குக்குப் போக வேண்டிய வயரை நேரடியாக பாடியில் எர்த் செய்துவிடுவது. ஹேண்ட் பிரேக் எப்போதும் போட்டிருப்பதாக செட் ஏமாந்துவிடும். இரண்டாவது, கிளட்ச் சுவிட்சை 'ஜம்பர்' போட்டு, அதுவும் எப்போதும் மிதித்திருப்பது போல ஆக்கிவிடுவது. ரிமோட் வேலை செய்ய இந்த வழி தேவைதான். ஆனால் அது ரிமோட் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடி மட்டும் ரிலே மூலம் நடக்க வேண்டும். நிரந்தரமாக இணைத்துவிட்டால் பாதுகாப்பு அத்தனையும் போச்சு. பல பழைய கார்களில் கிளட்ச் சுவிட்சே கிடையாது. அந்த வண்டிகளில் இன்னும் கவனம் தேவை.

அடுத்தது வயரிங். சாவி போடும் இடத்துக்குப் பின்னால் ஓடும் வயர்களில் கரண்ட் அதிகம். மெல்லிய வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் நாளடைவில் சூடேறி, கருகி, தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும். தடிமனான வயர் போட்டு, சால்டரிங் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் டியூப் மாட்ட வேண்டும். செட்டுக்கு கரண்ட் எடுக்கும் இடத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். பெட்டியை டேஷ்போர்டுக்குள் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு வயர்கூட பெடல் பக்கம் தொங்கக் கூடாது.

சாவியில் உள்ள சிப் ஜாக்கிரதை

இப்போது வரும் கார் சாவிகளுக்குள் சிறிய சிப் இருக்கிறது. அது பக்கத்தில் இல்லாவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகாது. திருட்டைத் தடுக்கும் 'இம்மொபிலைசர்' இதுதான். ரிமோட் ஸ்டார்ட்டுக்கு இதைத் தாண்டியாக வேண்டும்.

சில கடைகளில் ஸ்பேர் சாவியின் சிப்பை எடுத்து டேஷ்போர்டுக்குள் ஒட்டிவிடுகிறார்கள். வேலை சுலபம். ஆனால் வெறும் கள்ளச் சாவியோடு வருகிற திருடனுக்கும் வேலை சுலபமாகிவிடுகிறது. அந்தந்த மாடலுக்கு என்றே வரும் 'பைபாஸ்' பெட்டி மாட்டுவதே சரி. ரிமோட்டை அமுக்கும்போது மட்டும் சிப் வேலை செய்து, மற்ற நேரம் தூங்க வேண்டும்.

'புஷ் பட்டன்' வைத்த மலிவு செட்டுகளுக்காக ஸ்டியரிங் லாக்கை உடைத்து எடுப்பதும் நடக்கிறது. அதற்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது.

கடையை விட்டுக் கிளம்பும் முன் சோதனை

பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது.

1. பானெட்டைத் திறந்துவைத்து ரிமோட்டை அமுக்கவும். ஸ்டார்ட் ஆகக் கூடாது.

2. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு அமுக்கவும். ஸ்டார்ட் ஆகக் கூடாது.

3. முறைப்படி லாக் செய்த பிறகு ஒரு கதவைத் திறந்து மூடி அமுக்கவும். ஸ்டார்ட் ஆகக் கூடாது. நான்கு கதவையும், டிக்கியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

4. ரிமோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சாவி போடாமல் பிரேக்கை மிதிக்கவும். உடனே அணைய வேண்டும்.

5. கடைசியாக கியர் சோதனை. டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, கதவை மூடி, கிளட்சை முழுவதும் மிதித்தபடி கியர் போட வேண்டும். அதன்பின் ரிமோட்டை அமுக்கவும். ஸ்டார்ட் ஆனால் அந்த செட் ஆகாது. கழற்றிவிடச் சொல்லலாம்.

"அதெல்லாம் பார்த்தாச்சுண்ணே" என்று கடைக்காரர் சொன்னாலும் விடக் கூடாது.

மூடிய ஷெட்டில் எமன்

குளிருக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு, வீட்டுக்கு அடியில் உள்ள ஷெட்டில் காரை நிறுத்துபவர்கள் உண்டு. அங்கே ரிமோட் ஸ்டார்ட் கூடவே கூடாது.

புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி வரும். தூங்குபவர்களுக்கு அதுகூடத் தெரியாமல் உயிர் போய்விடும். அமெரிக்காவில் சாவி இல்லாமல் ஓடும் கார்களை வீட்டு ஷெட்டில் அணைக்க மறந்ததால், 2006 முதல் 2018 வரை 20-க்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஷட்டரைத் திறந்து, வண்டியை வெளியே எடுத்த பிறகுதான் ஓடவிட வேண்டும்.

சட்டமும் இன்சூரன்சும்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவு, பொது இடத்தில் நிற்கும் வண்டி பற்றிச் சொல்கிறது. டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ரோட்டில் ஆளில்லாமல் ஸ்டார்ட் ஆன வண்டி நகர்ந்து யாரையாவது இடித்தால், 'ரிமோட்தான் பண்ணுச்சு' என்று தப்பிக்க முடியாது.

வெளியில் வாங்கி மாட்டிய மின்சாதனங்களை இன்சூரன்சில் சேர்க்க ஐ.எம்.டி.-24 என்ற தனிப் பிரிவு இருக்கிறது. பில்லைக் கொடுத்து பாலிசியில் சேர்த்துவிடுவது நல்லது. வாரண்டி முடியாத வண்டி என்றால் வயரை வெட்டுவதற்கு முன் வாரண்டி புத்தகத்தைப் படித்துவிட வேண்டும்.

ஆக்டிங் டிரைவருக்குச் சொன்னீங்களா?

ஓனருக்கு விவரம் தெரிந்தால் மட்டும் போதாது. ஆக்டிங் டிரைவர், வாட்டர் வாஷ் செய்யும் பையன், மெக்கானிக் என்று வண்டியைத் தொடுகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும். பழக்கதோஷத்தில் கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போவார்கள். 'ரிமோட் ஸ்டார்ட் வண்டி' என்று பானெட்டுக்கு உள்ளேயும், டேஷ்போர்டிலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ரிமோட்டை குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

உண்மையில் தேவையா?

இப்போதுள்ள என்ஜின்களை கால் மணி நேரம் சூடாக்கத் தேவையில்லை. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும். சும்மா நின்று ஓடும் சின்ன கார்கூட ஒரு மணி நேரத்துக்கு சுமார் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எண்ணெய் குடிக்கும். ஏ.சி. போட்டால் இன்னும் கூடும். தினமும் 15 நிமிடம் என்றாலும் மாதக் கடைசியில் அது பாக்கெட்டில் தெரியும்.

கண்ணாடியில் உறைபனி படிவதுதான் தொல்லை என்றால், ராத்திரியே ஒரு தடித்த துணியையோ அட்டையையோ மூடி வைத்தால் காலையில் எடுத்துவிட்டுக் கிளம்பலாம். சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

ஆட்டோமேட்டிக் கார், திறந்த இடம், சமமான தரை, நல்ல எலக்ட்ரீஷியன். இந்த நாலும் அமைந்தால் தாராளமாக மாட்டலாம். மேட்டில் கியர் போட்டு, கல் வைத்து நிறுத்தும் வண்டிக்கு, டிரைவரே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவதுதான் பாதுகாப்பு.