ஐந்து குரலில் ஒரு பாட்டு

வெண்பா எழுதுக என்று இன்று எந்தப் புலவரையும் எவரும் வற்புறுத்துவதில்லை. ஆயினும், எழுத முற்பட்டவர் தளை தட்டினால், 'புதுமை செய்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. பழைய பாணிக் கணினி விளையாட்டுகளுக்கு இசையமைப்போர் நிலையும் இத்தகையதே. பிள்ளைகளின் கைக்கருவியிலிருந்து எழும் 'கீச் கீச்' ஒலி கேட்டு முகஞ் சுளிக்கும் பெற்றோர், இதனைச் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

1978இல் யப்பானில் தோன்றிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் நான்கே சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலித்தன. பகைவர் படை குறையக் குறைய அவ்வொலி விரைந்தது. ஆடுவோர் நெஞ்சும் உடன் விரைந்தது. 1983இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட வீட்டுக் கருவியிலே ஒலித்தடங்கள் ஐந்து. இரண்டு இன்னிசைக்கு, ஒன்று பெரும்பாலும் கீழ்ச்சுரத்துக்கு, ஒன்று இரைச்சலைத் தாளமாக்குதற்கு, எஞ்சியது பதிவு செய்த சிறு ஒலித்துணுக்குகளுக்கு. கீழ்ச்சுரத் தடத்துக்கு உரத்தும் மெலிந்தும் பாடத் தெரியாது: ஒலிக்கும், அல்லது ஓயும். ஒரு தடத்தில் இரு சுரங்களைச் சேர்த்து ஒலிக்க இயலாமையால், அவற்றை மாறி மாறி மிக விரைவாக ஒலிக்கச் செய்து செவியை ஏமாற்றினர். இதனினும் பெருந் தொல்லை ஒன்றுண்டு. வீரன் குதிக்கும் ஓசைக்கும் அவ்வைந்தில் ஒன்றையே கடன் வாங்க வேண்டும்! பாட்டின் நடுவே ஒரு குரல் மறைந்து மீளும். கேட்போருக்கு அது குறையாகத் தோன்றலாகாது. ஆடுபவன் அவ்விடத்தில் எத்துணை நேரம் நிற்பான் என்பதையும் எவரறிவார்? ஆகவே, மெட்டு முடிந்த இடத்திலேயே சலிப்பின்றி மீண்டும் தொடங்க வேண்டும்.

இத்தனை விலங்குகளையும் பூண்டுகொண்டு கோஜி கொண்டோ 1985இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு அமைத்த மெட்டு, 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. இன்றைய கணினிக்கு ஐந்து குரல் என்ற வரம்பு இல்லை. அவ்வாறிருந்தும், 2014இல் வந்த 'ஷவல் நைட்' விளையாட்டுக்கு ஜேக் காஃப்மன் பழைய கருவியின் இலக்கணத்தைத் தாமே விரும்பி ஏற்று இசையமைத்தார்.

தமிழருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். ரொறன்ரோவிலுள்ள 'விசை கேம்ஸ்' 2023இல் வெளியிட்ட விளையாட்டின் பெயரே 'வெண்பா'! தமிழகத்திலிருந்து 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தாயின் கதை அது. அவள் இட்டலி அவிக்கிறாள். புட்டும் உண்டு என்பது நம்மவருக்கு மகிழ்ச்சி தரும். மகன் கவின் வளர வளரத் தாய்மொழியினின்றும் விலகிச் செல்கிறான். வெள்ளவத்தையில் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உறவினர் இல்லாத வீடு அரிதாகையால், இக்கதையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சமையலின்போது வானொலியில் பாட்டு ஒலிக்கிறது. அவை திரைப்படங்களினின்றும் எடுத்தவை அல்ல. அல்பா சம்திங் என்னும் பெயரில் விளங்கும் இசையமைப்பாளர், அந்தந்தக் காலத் திரையிசையின் சாயலில் புதிதாக அமைத்தவை. ஆண்டுகள் கடந்தமையை நம் செவியே உணர்ந்து கொள்கிறது. மகனுக்கு மொழி தேய்ந்து போகும் வீட்டில், பாட்டு மட்டும் தமிழிலேயே வயது ஏறி வருவது நம்மை மிகவும் உருக்கியது. 2024இல் இவ்விளையாட்டு பிரித்தானிய பஃப்டா விருதினை முதற்படைப்புப் பிரிவில் பெற்றது.

பழைய சாயல் என்பது எளிதன்று. 1980களின் பாட்டென்றால் வயலின் கூட்டமும் தபேலாவும் நினைவுக்கு வரும். 1992இல் 'ரோஜா' வந்த பின்னர் ஒலியே வேறாயிற்று. இவற்றைக் கலந்துவிட்டால், பெயர் சொல்லத் தெரியாத பாட்டிகூட, "இது அந்தக் காலத்துப் பாட்டில்லையே" என்று கண்டுபிடித்துவிடுவார்.

மாணவர்க்கு ஒரு சொல். பழைய ஐந்து தடங்களிலும் இசையெழுத உதவும் 'பாமிட்ராக்கர்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மோகனத்தின் ஐந்து சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சுரத் தடத்தில் சட்சத்தை நீள ஒலிக்க விடுங்கள், அதுவே சுருதி. சுரத்தை அசைக்கவும் வழுக்கவும் அதில் கட்டளைகள் உண்டு. வீணை வாசிப்பவர் விரலால் செய்யும் கமகத்தை எண்களாக எழுதிப் பார்க்கும்போதுதான், அது எத்துணை நுட்பமானதென்று விளங்கும். மெட்டு அமைந்ததும் அம்மா சமைக்கும் வேளையில் அதனைச் சுழல விடுங்கள். அரை மணி கழிந்தும் 'அதை நிற்பாட்டு பிள்ளை' என்ற குரல் அடுக்களையிலிருந்து எழாவிடின், இரண்டாவது மெட்டைத் தொடங்கலாம்.