கடை திறந்திருக்கா, பார்த்துட்டு வா!

“சிக்னல் ஃபுல்லா இருக்கு, பாஸ்வேர்டும் சரி. அப்புறம் ஏன் நெட் வரல?” வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. போனில் வைஃபை குறி நிறைந்து நிற்கும். அதன் ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி, கீழே ‘இணையம் இல்லை’ என்று ஒரு வரி.

நிறைந்து நிற்கும் அந்தக் குறி சொல்வதெல்லாம் போனுக்கும் ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள பத்துப் பதினைந்து அடியைப் பற்றித்தான். ரவுட்டரைத் தாண்டி வெளியே போகும் ஃபைபர் கேபிளை எலி கடித்துப் போட்டிருந்தாலும் சிக்னல் குறையாது. ஆகவே இந்தத் தொல்லைக்கு ‘வைஃபை பூஸ்டர்’ வாங்குவது வீண் செலவு. ‘வைஃபை 7’ என்று பெட்டியில் அச்சடித்து வரும் புது ரவுட்டரும் அறுந்த கேபிளை ஒட்டவைக்காது. முதலில் ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள்காரரைக் கூப்பிடுவதைத் தவிர வீட்டில் செய்ய வேறொன்றும் இல்லை.

அந்தச் சிவப்பு விளக்கு எரியாமல் இருந்தும் நெட் வராவிட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. இணையம் இல்லை என்பது போனுக்கு எப்படித் தெரிந்தது?

வைஃபையில் சேர்ந்த மறு நொடியே போன் யாரும் சொல்லாமல் ஒரு காரியம் செய்கிறது. ஆண்ட்ராய்டு போன் பொதுவாக கூகுளின் சர்வர் ஒன்றிடம் ‘ஜெனரேட் 204’ என்ற பக்கத்தைக் கேட்கும். அந்தப் பக்கத்தில் எழுத்தும் கிடையாது, படமும் கிடையாது. 204 என்பது ‘கேட்டது சரி, தருவதற்கு எதுவும் இல்லை’ என்று சொல்லும் பதில் எண். அந்த வெற்றுப் பதில் வந்துவிட்டால் போனுக்குத் திருப்தி, இணையம் இருக்கிறது. ஐபோன் இதே போல ஆப்பிளின் சர்வருக்குப் போய் ‘சக்சஸ்’ என்ற ஒரு சொல்லை வாங்கி வருகிறது. விண்டோஸ் 10 வாங்கி வருவது ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள். ஆங்கிலத்தில் இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் 22 எழுத்துகள். இத்தனை பெரிய வலையமைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதை இவ்வளவு சிறிய ஒரு கேள்வி தீர்மானிக்கிறது.

அம்மா பையனைத் தெருமுனைக்கு அனுப்புகிறார்: “அண்ணாச்சி கடை திறந்திருக்கா, பார்த்துட்டு வா.” வாங்க எதுவும் இல்லை. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் போதும். பையன் திரும்பி வராவிட்டால் கடை அடைப்பு என்று அம்மா முடிவு கட்டிவிடுகிறார். ஆனால் அவன் வழியில் எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டிருக்கலாமே!

அடுக்ககத்தை விட்டு வெளியே போக அவனுக்கு ஒரு கதவு எண் வேண்டும். அதைக் கொடுப்பவர் வாசல் காவலாளி, அதாவது ரவுட்டர். காவலாளி தூங்கிவிட்டால் பையன் தானே சாக்பீஸால் ஓர் எண்ணை எழுதிக்கொள்கிறான். ஐபோனிலோ விண்டோஸ் கணினியிலோ வைஃபை விவரத்தைத் திறந்து ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் காவலாளி கொடுத்தது. 169.254 என்று தொடங்கினால் அது சாக்பீஸ் எண். அந்த எண்ணோடு வாசலைத் தாண்ட முடியாது. ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டால் பல நேரம் சரியாவது இதனால்தான். காவலாளி விழித்து எல்லோருக்கும் புதிதாக எண் கொடுக்கிறார்.

வாசலைத் தாண்டிய பையனுக்குக் கடையின் பெயர் தெரியும், இடம் தெரியாது. தெருவில் எந்தப் பெயருக்கு எந்த வீடு என்று தெரிந்தவர் இஸ்திரி வண்டிக்காரர். இணையத்தில் அவர் பெயர் டி.என்.எஸ். அவர் அன்று வராவிட்டால் கடை திறந்திருந்தும் பயனில்லை. கணினியில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு ‘பிங்’ அனுப்பினால் பதில் வருகிறது, பெயரைச் சொல்லிக் கேட்கும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பழுது இவரிடம்தான். ரவுட்டரின் அமைப்பில் டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். முன்னது கூகுள் 2009-ல் தொடங்கியது, பின்னது கிளவுட்ஃப்ளேர் 2018-ல் தொடங்கியது. இரண்டும் இலவசம்.

வீட்டில் மற்ற போன்களெல்லாம் ஓடி, ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் அதன் அமைப்பில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற இடத்தைத் திறக்க வேண்டும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி உண்டு. விளம்பரத்தைத் தடுக்க என்று எப்போதோ எழுதிய சர்வர் பெயர் அங்கே கிடக்கும். அந்த சர்வர் நின்றுபோனால் போன் வேறு யாரிடமும் வழி கேட்காது. ‘தானியங்கி’ என்று மாற்றினால் தீர்ந்தது.

வரலாறு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. பட்டியல் கட்டுக்கடங்காமல் வளரவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வகுத்தார்.

பையனின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. கடைக்குப் போகும் வழியிலேயே ஒருவர் மறித்து, “நான்தான் அண்ணாச்சி” என்று சொல்லி ஒரு சீட்டைக் கையில் திணிக்கிறார். விமான நிலையத்திலும் ஓட்டலிலும் வைஃபை கேட்டால் ‘போன் நம்பர் கொடுங்கள்’ என்று ஒரு பக்கம் வந்து நிற்கிறதே, அதுதான் இந்தச் சீட்டு. மாதச் சந்தா தீர்ந்தால் சில இணைய நிறுவனங்களும் இதே வழியில் கட்டணப் பக்கத்தை அனுப்புகின்றன. வெற்றுப் பதிலை எதிர்பார்த்த போனுக்குக் கையில் ஏதோ வந்ததுமே சந்தேகம் வந்துவிடுகிறது. அதற்காகவே இந்தச் சோதனைக் கடிதங்களில் ஒன்றை ஒட்டாத உறையில், பூட்டில்லாத பழைய எச்.டி.டி.பி. முறையில், அனுப்புகிறார்கள். வழியில் எவரும் பிரித்து மாற்றலாம். மாற்றினால்தானே மறித்து நிற்பவர் இருப்பது தெரியும்! பாதுகாப்புக் குறையையே ஒரு கருவியாக்கிய இந்த யோசனை எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது.

ஒரே கடையை நம்புவதில் ஆபத்தும் இருக்கிறது. கூகுள் தடை செய்யப்பட்ட சீனாவில், வெளிநாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்கள் உள்ளூர்த் தளங்களெல்லாம் திறந்தும் ‘இணையம் இல்லை’ என்று அடம்பிடிப்பதுண்டு. 2020-ல் விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பு இணையம் இருக்கும்போதே இல்லை என்று காட்டியது. பிரவுசரில் தளங்கள் திறந்தன. அந்த அறிவிப்பை நம்பிய சில செயலிகள் மட்டும் வேலை செய்ய மறுத்தன. 2021 அக்டோபர் 4 அன்று நேர்மாறு. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அந்த நிறுவனத்தின் சொந்த டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் வழியே இணைய வரைபடத்திலிருந்து மறைந்துபோயிருந்தது. இஸ்திரி வண்டிக்காரருக்கு அந்த வீடு மட்டும் தெரியவில்லை, அண்ணாச்சி கடையோ திறந்தே இருந்தது.

சோதனையில் தேறியும் எதுவும் திறக்காத நிலை பழைய லேப்டாப்களில் வரும். உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். விண்டோஸின் சோதனைக் கடிதம் ஒட்டாத உறை, அதற்குத் தேதி வேண்டாம். ஆகவே இணையம் உண்டு என்று காட்டும். பூட்டுப் போட்ட தளங்கள் ஒவ்வொன்றிடமும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற சான்றிதழ் இருக்கிறது. கணினியின் கணக்கில் அந்த நாள் இன்னும் பிறக்கவே இல்லை. வங்கித் தளம் முதல் மின்னஞ்சல் வரை எல்லாவற்றையும் அது போலி என்று தள்ளிவிடும். திரையின் மூலையில் தேதியைத் திருத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி கேளுங்கள், திறந்துவிடும்.