சொல்லாத நோவையும் அளக்கலாம்

"பரவாயில்லை பிள்ளை, தாங்குவன்." புற்றுநோயாளர்களின் வீடுகளுக்குச் சென்றுவரும் தொண்டரான நான் அதிகம் கேட்கும் சொல் இது. நோய் எலும்புக்குப் பரவிய அம்மாமாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். போரில் எத்தனையோ இழப்புகளைத் தாங்கிய எமது பெண்களுக்கு நோவை மறைப்பது பழகிவிட்டது. சொல்லாதவரின் நோவை எப்படி அறிவது? வாயில்லாச் சீவன்களிடம் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது.

எலும்பைப் புற்றுநோய் அரிக்கும்போது நோச் செய்தி நரம்பு வழியே முள்ளந்தண்டுக்குச் சென்று, அங்கிருந்து மூளையை அடைகிறது. முள்ளந்தண்டில் அச்செய்தியைக் கைமாற்றும் பொருள்களில் ஒன்று 'சப்ஸ்டன்ஸ் பி'. இது 11 அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை போன்றது. இத்தகைய சிறு புரதத் துண்டைப் பெப்ரைட்டு என்பர். ஆய்வாளர்கள் இதனுடன் ஒரு செடியின் விதையிலிருந்து எடுத்த 'சபோரின்' என்ற நஞ்சை இணைத்தார்கள். நோச் செய்தியை வாங்கும் நரம்புக் கலம் பெப்ரைட்டை உள்ளே எடுக்கும்போது நஞ்சும் கூடவே நுழைந்து அக்கலத்தை அழிக்கிறது. இம்முறை எலிகளில் பலன் தந்ததை 1997 இல் வெளியிட்டார்கள்.

பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், மிருக வைத்தியர் டொரதி பிரவுன் குழுவினர் 70 வளர்ப்பு நாய்களிடம் இதைச் சோதித்தார்கள். அவற்றுக்கு எலும்புப் புற்றுநோய் தானாகவே வந்திருந்தது. ஒரு பகுதிக்கு வழமையான மருந்து மட்டும். மற்றப் பகுதிக்கு அத்துடன் முள்ளந்தண்டு நீரில் ஒரேயொரு ஊசி. எந்த நாய்க்கு ஊசி போட்டது என்று வளர்ப்பவருக்குத் தெரியாது. 2013 இல் முடிவு வெளியானது. ஊசி பெறாத நாய்களில் 100க்கு 74 வீதமானவற்றுக்கு ஆறு வாரங்களுக்குள் நோ மருந்தை மாற்ற வேண்டி வந்தது. ஊசி பெற்றவற்றில் அது 24 வீதம் மட்டுமே.

இது புற்றுநோயைக் குணமாக்கும் மருந்தல்ல. அழிந்த நரம்புக் கலம் மீளாது என்பதால் மிகுந்த அவதானமும் வேண்டும். மனிதருக்கு இது இன்னும் வழமையான மருந்தாக வரவில்லை.

ஆனால் அங்கே நோவை அளந்த விதம் எமக்கு இன்றே உதவும். நாய் பேசாது. ஆகவே வளர்ப்பவரிடம் கேட்டார்கள்: படுத்த இடத்திலிருந்து எழும்ப நோ எவ்வளவு தடையாக இருக்கிறது? நடக்க? படியேற? 0 முதல் 10 வரை புள்ளி சொல்லுங்கள்.

சகோதரிகளே, வீட்டில் நோயாளி இருந்தால் நீங்களும் இப்படிக் கவனியுங்கள். இரவில் நித்திரை கொண்டாரா, தானாக எழும்பினாரா, சாப்பிட்டாரா என்று ஒரு கொப்பியில் நாளாந்தம் குறியுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அதை வைத்தியரிடம் காட்டுங்கள். வைத்தியர் மோர்பின் எழுதித் தந்தால், "கடைசி நேர மருந்து" என்று பயந்து ஒதுக்க வேண்டாம். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். திடீரென முதுகுநோ கூடினாலோ, கால் பலமிழந்தாலோ, சலம் போகாவிட்டாலோ அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நோவைச் சொல்வது முறைப்பாடு அல்ல. வைத்தியருக்கு அது தேவையான தகவல்.