தாமஸ் ஜாகர்

தாமஸ் அகஸ்டஸ் ஜாகர் (ஜனவரி 24, 1871 – ஜனவரி 17, 1953) அமெரிக்க நிலவியலாளர் ஆவார். ஹவாய் எரிமலை ஆய்வு நிலையத்தை 1912 ஆம் ஆண்டு நிறுவியவர் இவரே.

பயணங்கள்

1902 ஆம் ஆண்டு மே 8 அன்று கரிபியக் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவில் மோன் பெலே எரிமலை வெடித்தது. சென் பியேர் நகரம் சில நிமிடங்களில் அழிந்து, ஏறத்தாழ 28,000 பேர் இறந்தனர். சில நாட்களில் அங்கு சென்ற ஜாகர், அழிவுக்குப் பின் வந்து ஆராய்வது போதாது, எரிமலையின் அருகிலேயே தங்கிக் கண்காணிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1907 இல் அலூசியன் தீவுகளுக்கும் 1909 இல் ஜப்பானுக்கும் பயணம் செய்தார்.

ஹவாயில்

ஆய்வு நிலையம் கிலாவேயா எரிமலையின் விளிம்பில் அமைந்தது. அங்குள்ள ஹலேமாஉமாஉ எரிமலைவாய், எரிமலைப் பெண்தெய்வமான பேலேயின் இருப்பிடம் என்பது ஹவாய் மக்களின் நம்பிக்கை. (மோன் பெலே என்ற பெயருக்கும் இத்தெய்வத்துக்கும் தொடர்பில்லை.)

ஆழிப்பேரலை எச்சரிக்கை

நிலநடுக்க அலைகள் ஆழிப்பேரலையைவிட விரைவாகப் பரவுவதால், நிலநடுக்கப் பதிவைக் கொண்டு பேரலையை முன்னறியலாம். 1923 இல் கம்சாத்காவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைப் பதிவில் கண்ட ஜாகர், ஹிலோ துறைமுகத்துக்கு எச்சரிக்கை விடுத்தார். அது பொருட்படுத்தப்படவில்லை, மீனவர் ஒருவர் உயிரிழந்தார். 1933 இல் ஜப்பானிய நிலநடுக்கத்தின்போது எச்சரிக்கை ஏற்கப்பட்டது. படகுகள் முன்னரே அகற்றப்பட்டன. ஹவாயில் உயிரிழப்பு நேரவில்லை.

2018 ஆம் ஆண்டு கிலாவேயா சீற்றத்தில் நிலையத்தின் கட்டிடம் சேதமடைந்தது. எனினும் கண்காணிப்புப் பணி தொடர்கிறது.