கண் நல்லாத்தான் இருக்கு... எதிரே இருக்கிறது தெரியலையே!

"ஆயா, பஸ்ஸு எதிரிலேயே நிக்குதே, தெரியலையா?" விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பேரப்பிள்ளைகள் இப்படி அதட்டுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காணைப் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிற பெரியவர்கள் பலருக்கும் இதே குறைதான். புரை எடுத்தாயிற்று, கண்ணாடியும் புதுசு. ஆனாலும் வரிசையாக நிற்கிற பஸ்களில் காணை பஸ்ஸைக் கண்டுபிடிப்பதற்குள் அது புறப்பட்டுவிடுகிறது!

பார்வைக்கு ஆதாரம் 'நோக்கழல்' என்கிற பித்தம் என்று சித்த மருத்துவம் சொல்லும். ஆனால் கண் பார்த்த நூறு பொருள்களில் வேண்டியதைப் பொறுக்கி எடுப்பது மூளையின் வேலை. வயது ஏற ஏற அந்த வேலை மெதுவாகிறது.

தேடுவதில் இரண்டு ரகம் உண்டு. ஆன் ட்ரீஸ்மன், கேரி ஜெலேட் என்ற இரு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1980-ல் இதை விளக்கினார்கள். பச்சை மிளகாய்க் குவியலில் ஒரே ஒரு பழுத்த மிளகாய் கிடந்தால் தேடவே வேண்டாம், தானாகக் கண்ணில் படும். இதில் 70 வயதுக்காரர் அவ்வளவாகப் பின்தங்குவதில்லை. நிறம், வடிவம் என்று இரண்டு மூன்று அடையாளங்களைச் சேர்த்துத் தேட வேண்டுமென்றால், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ள வேண்டும். முதியவர் திணறுவது அங்கேதான். ஒரே நிற பஸ்களில் போர்டு படித்துத் தேடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரே மாதிரி வெள்ளி அட்டை மாத்திரைகளும் அப்படியே!

இதில் ஆபத்தும் இருக்கிறது. போர்டிலேயே கவனம் இருக்கும்போது, பக்கத்தில் வருகிற பைக் மனதில் பதிவதில்லை. ஒரே நோக்கில் கவனிக்க முடிகிற வட்டம் வயதானால் சுருங்குகிறது. பேசிக்கொண்டே நடந்தால் இன்னும் மோசம். ரோடு தாண்டும்போது ஆயாவிடம் ஊர்க்கதை கேட்காதீர்கள். கையைப் பிடியுங்கள், போதும்.

"பொன்னாங்கண்ணி சாப்பிட்டா சரியாகுமா?" என்பீர்கள். சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது பஸ்ஸைத் தேடித் தராது! சர்க்கரை மாத்திரைக்குச் சிவப்பு மூடி டப்பா ஒன்று வாங்குங்கள். அலமாரியில் பாதிச் சாமானைக் குறையுங்கள், வைத்த இடத்தை மாற்றாதீர்கள். 20 வயதில் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60-ல் போகிறது. ஆகவே சமையலறைக்கு நல்ல பல்பு அவசியம்.

எல்லாவற்றையும் வயசு என்று விட்டுவிடவும் கூடாது. இலையில் ஒரு பக்கத்துச் சோற்றை மட்டும் திடீரென்று கவனிக்காமல் விடுகிறார் என்றால் பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரி. கொஞ்சம் கொஞ்சமாகக் கதவிலும் நாற்காலியிலும் இடித்துக்கொள்ள ஆரம்பித்தால், கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.