கல்யாண டிவிடிக்கு மெனு

மூன்று மணி நேரம் ஓடும் கல்யாண வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை யாரும் இரண்டாம் முறை உட்கார்ந்து பார்ப்பதில்லை. பார்க்கத் தோன்றுவது துண்டு துண்டாகத்தான். தாத்தா அட்சதை போட்டது, நலங்கில் சித்தி பாடியது, பந்தியில் மாமா ஒவ்வொரு இலையாக நின்று விசாரித்தது. அந்த இடத்தைத் தேடி ரிமோட்டில் வேகமாக ஓட்டி, தாண்டிப் போய், திரும்பி வந்து, அலுத்துப்போய் வட்டை உறையில் போட்டுவிடுகிறோம். பிறகு வருடக்கணக்கில் அது அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை. வீட்டில் நாமே டிவிடி செய்யும்போது படத்துக்கு அடுத்தபடி உழைப்பைப் போட வேண்டிய இடம் மெனுதான் என்பது என் உறுதியான எண்ணம். அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் செய்வதும் சிரமமில்லை.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்த விசிடியிலும் மெனு போட வழி உண்டு. திரையில் தெரியும் எண்ணை ரிமோட்டில் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். திரையிலேயே ஒரு பெயர் ஒளிர்வதும், அம்புக்குறியை அழுத்தினால் ஒளி அடுத்த பெயருக்கு நகர்வதும் நம் வீடுகளுக்கு டிவிடியோடு வந்த பழக்கம். ஆரம்பத்தில் இந்த மெனுக்களைச் செய்யும் மென்பொருளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை. அது பெரிய ஸ்டூடியோக்களின் சொத்தாக இருந்தது. 2001 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் டிவிடி எழுதும் கருவி பொருத்திய கணினியோடு ஐடிவிடி என்ற எளிய மென்பொருளை வெளியிட்டபோது வேலை வீட்டு மேசைக்கு வந்தது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் டிவிடி மேக்கர் கூடவே வந்தது. 8-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது டிவிடிஸ்டைலர். இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், மெனுவின் ஒவ்வொரு திருகாணியையும் நம் கையில் விடும்.

சரி, மெனு என்பது என்ன?

திரையில் ஒரே படமாகத் தெரிந்தாலும் அதற்கு மூன்று அடுக்கு உண்டு. அடியில் இருப்பது பின்னணி. ஒரு புகைப்படமாகவோ ஓடும் காட்சியாகவோ இருக்கலாம். படத்தைப் போலவே எம்பெக்-2 முறையில் சுருக்கி வைத்தது. ‘நிச்சயதார்த்தம்’, ‘முகூர்த்தம்’, ‘வரவேற்பு’ என்று நாம் எழுதிய பெயர்கள், சுற்றிலும் போட்ட கட்டம், ஓரத்துக் கோலம் எல்லாம் இந்தப் படத்திலேயே வரைந்தவை. பிளேயருக்கு அவற்றில் ஒன்றும் அர்த்தமில்லை, வெறும் வண்ணப் புள்ளிகள். அதன் மேல் இரண்டாவது படம் ஒன்று, பழைய கல்யாண ஆல்பத்தில் போட்டோவின் மேல் கிடக்கும் பட்டர் பேப்பரைப் போல, திரை முழுவதையும் மூடியிருக்கும். சப்டைட்டில் காட்டப் பயன்படும் அதே ஏற்பாடுதான் இது. சாதாரண நிலையில் இது முற்றிலும் ஒளிபுகும்படி இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மூன்றாவது அடுக்கு எண்களால் மட்டுமே ஆனது: இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி வரை முதல் பட்டன், அங்கிருந்து இதுவரை இரண்டாவது பட்டன் என்று குறிக்கும் செவ்வகங்கள். அம்புக்குறியை அழுத்தியதும் பிளேயர் செய்வது இவ்வளவுதான்: அந்தச் செவ்வகத்துக்குள் அகப்பட்ட மேல் அடுக்கின் நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டுகிறது. நாம் அதைப் பட்டன் ஒளிர்ந்ததாகப் பார்க்கிறோம். செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஒரு மெனுவில் 36 பட்டன் வரை வைக்கலாம் என்றாலும், டிவியிலிருந்து பத்தடி தள்ளி அமர்ந்திருக்கும் பாட்டிக்கு ஒரு பக்கத்தில் ஐந்தாறுக்கு மேல் வைப்பது நியாயமில்லை.

தமிழில் மெனு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இந்த மேல் அடுக்கில்தான் இருக்கிறது. அதில் ஒரே நேரத்தில் நான்கு நிறங்களுக்குத்தான் இடம். அந்த நான்கையும் 16 நிறங்கள் கொண்ட பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும், நான்கில் ஒன்று ஒளிபுகும் வெறுமைக்கே போய்விடும். கணினித் திரையில் எழுத்தின் வளைவுகள் வழவழப்பாகத் தெரிவதற்குக் காரணம், ஓரங்களில் இடைப்பட்ட சாயல்கள் பல கலந்திருப்பது. நான்கு நிறத்தில் அந்தச் சாயல்களுக்கு வழியே இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்க்கோடாக இருப்பதால் ஓரளவு தப்பித்துவிடும். நம் எழுத்துகளில் ‘ஞ’வும் ‘ணை’யும் ‘ழு’வும் வளைவால் ஆனவை, இந்த அடுக்கில் எழுதினால் ரம்பப் பல்லாகத் தெரியும். அதனால் தமிழ் எழுத்தை எப்போதும் பின்னணிப் படத்திலேயே எழுதுங்கள். ஒளிரும் அடுக்குக்கு எழுத்தின் அடியில் தடித்த ஒரு கோடு போதும்; இடப்பக்கம் சின்ன விளக்கு வடிவம் வைத்தால் இன்னும் அழகு.

பழைய மென்பொருள்கள் சிலவற்றில் யுனிகோடு தமிழை நேரடியாகத் தட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை வைத்துப் பலர் சமாளித்தது இதனால்தான். இன்று ஜிம்ப் அல்லது இன்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் பின்னணியை எழுத்தோடு சேர்த்து வரைந்து, படமாகச் சேமித்து, அதை டிவிடிஸ்டைலருக்குள் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வரையும்போது இன்னொரு சிக்கல் வரும். நம் நாட்டில் புழங்கும் பால் (PAL) என்ற டிவி முறையில் டிவிடியின் படம் 720-க்கு 576 புள்ளி. ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. பழைய 4:3 டிவியில் அவை கொஞ்சம் அகன்று தெரியும், 16:9 அகலத்திரையில் இன்னும் அதிகமாக அகலும். 720-க்கு 576 தாளில் வட்டமாகப் போட்ட கோலம் டிவியில் முட்டை வடிவமாவது இதனால்தான். 4:3-க்கு 768-க்கு 576 தாளிலும், அகலத்திரைக்கு 1024-க்கு 576 தாளிலும் வரைந்து முடித்து, கடைசியில் 720 அகலத்துக்கு ஒடுக்கினால் வட்டம் வட்டமாகவே வரும். எழுத்துகளை நான்கு ஓரங்களிலிருந்தும் பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள். டிவிகள், குறிப்பாகப் பழைய குழாய் டிவிகள், படத்தின் விளிம்பைச் சட்டத்துக்குள் விழுங்கிவிடும். ஒற்றைப் புள்ளி தடிமனில் போட்ட கிடைக்கோடு அந்த டிவிகளில் நடுங்கும். மூன்று நான்கு புள்ளி தடிமன் வேண்டும்.

நிறத்திலும் நம் கல்யாணப் பத்திரிகை ரசனை இங்கே உதவாது. எம்பெக்-2 ஒளியின் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் பதிகிறது. நிறத்தையோ நான்கு புள்ளிக்கு ஒரு முறைதான். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து எழுதினால் இரண்டின் ஒளியளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஓரம் கசிந்து கலங்கும். கருஞ்சிவப்பில் வெளிர்மஞ்சள், அடர்நீலத்தில் வெள்ளை என்று ஒளி வேறுபாடு தெளிவாக இருந்தால் கலங்காது.

படம் வரைந்தாகிவிட்டது. இனி மெனுவுக்கு மூளை வைக்க வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டிவிடி பிளேயருக்குள் சிறிய கணினி ஒன்று இருக்கிறது. அதற்கு நாம் விருப்பப்படி எழுதி அழிக்க 16 நினைவறைகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 65,535 வரை ஒரு எண் வைக்கலாம். பிளேயரே தன் நிலையைக் குறித்துக்கொள்ள 24 அறைகள் தனியாக உண்டு. இவ்வளவு சிறிய மூளையை வைத்து என்ன செய்ய முடியும்? ஒரு உதாரணம். மெனுவில் நான்கு சடங்குகளின் பெயரும், மேலே ‘முழுவதும் பார்க்க’ என்ற ஒரு பட்டனும் இருக்கிறது. ‘நலங்கு’ பட்டனை அழுத்தினவருக்கு நலங்கு முடிந்ததும் மெனு திரும்பி வர வேண்டும். முழுவதும் பார்க்க வந்தவருக்கோ அதே நலங்கு முடிந்ததும் முகூர்த்தம் தொடர வேண்டும். படம் ஒன்றுதான், முடியும் இடமும் ஒன்றுதான். வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று பிளேயருக்கு எப்படித் தெரியும்? ‘முழுவதும் பார்க்க’ பட்டனின் கட்டளையில், முதல் நினைவறையில் 1 எழுதிவிட்டுப் படத்துக்குப் போ என்று சொல்லிவைக்கிறோம். மற்ற பட்டன்கள் அங்கே 0 எழுதும். ஒவ்வொரு சடங்கின் முடிவிலும் ஒரு கேள்வி வைக்கிறோம்: அறையில் 1 இருந்தால் அடுத்த சடங்கு, இல்லாவிட்டால் மெனு. கடைகளில் செய்து கொடுத்த பல டிவிடிகளில் ஒரு பகுதி முடிந்ததும் திரை கறுத்து நின்றுவிடும், அல்லது கேட்காமலேயே அடுத்தது ஓடும். இந்த ஒரு கேள்வியை யாரும் அங்கே வைக்கவில்லை என்பதுதான் காரணம்.

மெனு திரும்பி வரும்போது ஒளி எந்தப் பெயரில் நிற்க வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். அந்த எண் பிளேயரின் சொந்த அறைகளில் எட்டாம் எண்ணுள்ளதில், 1024 ஆல் பெருக்கி வைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது பட்டன் என்றால் 3,072. நலங்கு பார்த்து முடித்தவருக்கு ஒளி முகூர்த்தத்தில் நின்றால் அவர் நடுச்சாவியை மட்டும் அழுத்தினால் போதும். வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அவர்கள் கையில் ரிமோட்டைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும்.

மேல், கீழ், இடம், வலம் என்று ஒவ்வொரு பட்டனிலிருந்தும் ஒளி எங்கே போக வேண்டும் என்பதை மென்பொருள் தானாகக் கணித்துக்கொள்ளும். அதை நம்பிவிடாமல் கையால் ஒரு முறை சரிபாருங்கள். கடைசிப் பெயரில் கீழ் அம்பை அழுத்தினால் முதல் பெயருக்கு வந்து சேர வேண்டும். எங்கேயும் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

காட்சிப் பிரிவுகளைக் குறிக்கும்போது கெட்டிமேளம் தொடங்கும் கணத்திலேயே குறிக்காமல் ஓரிரு விநாடி முன்னால் வையுங்கள். எம்பெக்-2 படத்தில் முழுச் சட்டகம் அரை விநாடிக்கு ஒரு முறைதான் வரும், பிளேயர் அங்கேதான் குதிக்க முடியும். ஒரு தலைப்புக்குள் 99 பிரிவுகள் வரை போடலாம்.

பின்னணியில் காட்சி ஓடி நாதஸ்வரம் கேட்க வேண்டுமென்றால் 30 விநாடி போதும். வட்டில் சுமார் 30 எம்பி பிடிக்கும். முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் பிளேயர் சற்றே நிற்கும் என்பதால், இசை மெல்ல அடங்கி முடியும்படி வெட்டினால் உறுத்தாது.

முடித்ததும் கணினியில் விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் போட்டு மவுஸைத் தொடாமல் அம்புச்சாவிகளாலேயே ஓட்டிப் பாருங்கள். பிறகு அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ வட்டில் எழுதி, டிவியில் போட்டுப் பாருங்கள். ஓரம் விழுங்கப்படுவதெல்லாம் அங்கேதான் தெரியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்புவதானால் அங்குள்ள டிவி முறையான என்டிஎஸ்சி-யில் (NTSC) தனி வட்டு செய்வது நல்லது. அங்கே விற்ற பல பிளேயர்கள் பால் வட்டை ஓட்டுவதில்லை. இங்குள்ளவை பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும், மெனு இல்லாத பழைய கல்யாண டிவிடிக்கும் இப்போது மெனு போடலாம். வட்டில் படம் இருக்கும் விஓபி (VOB) கோப்புகளைக் கணினிக்கு எடுத்து, டிவிடிஸ்டைலரில் மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுக்கச் சொன்னால் படத்தின் தரம் குறையாது. இதைத் தள்ளிப்போடாமல் செய்யச் சொல்வேன். எழுதும் வட்டின் சாயப்பூச்சு வெயிலிலும் வெப்பத்திலும் கெட்டுப்போகும். நம் ஊர் அலமாரிகளில் இரண்டுக்கும் குறைவில்லை. செய்த புதிய டிவிடியை எம்பி4 ஆக மாற்றினால் மெனு போய்விடும். அதனால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரை முழுதாக ஹார்டு டிஸ்கில் வையுங்கள். விஎல்சியில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் மெனு, பட்டன், நினைவறைக் கணக்கு எல்லாம் அப்படியே வேலை செய்யும். பிரிவுகளுக்குப் பெயர் வைக்க உட்காரும் நாளில் வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அட்சதை போடுகிறவர் யார், பந்தியில் பரிமாறுகிறவர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.